பழைய மல்லர் கூறும் குறை

பொறாமை என்னுஞ் சொல் நம்மவர் நாவில் மிக எளிதாக வந்துவிடுகின்றது. முதியவர் ஒருவர் இளையவர் ஒருவரின் ஆற்றலிலே குறை கண்டு கூறுவாராயின், அக்குறை உண்டா இல்லையா என்று நோக்குவதற்கு முன்னரே, கூறியவருக்குப் பொறாமை என்று தீர்ப்பளித்து விடுகின்றோம். தீர்ப்பளித்த பின்னர்க் குறையை ஆராய வேண்டிய தொல்லையும் ஒழிந்து போகின்றது. இவ்வழக்கம் இலக்கிய உலகிற்கு மாத்திரம் உரியதன்று. குத்துச் சண்டை மேடையிலும் இஃது உண்டென்பதை என்னிடம் பாடங் கேட்கும் மாணவர் சிலர் அண்மையில் நிகழ்த்திய வாதத்தால் நன்கு விளங்கிற்று.

தமிழ்ப் பண்டிதனுக்குக் குத்துச் சண்டையில் என்ன அலுவல் என்று அன்பர்கள் வினவலாம். மற்போர் கண்டு பாடிய சங்கப் புலவர்க்கு இருந்த அலுவல் எதுவோ, அதுவே எனக்கும் என்க. அவர்களைப் பின்னர்க் காண்போம்.

மாணவர் வாதத்திற்குப் பொருளாயிருந்தவர் மார்வின் ஹாக்லர் என்னும் அமெரிக்க வீரர். 160 றாத்தலுக்கு மேற்படாத நிறையுடையோர் பொருகின்ற நடுநிறைப் பிரிவில், அதாவது மிடில்வெயிற் பிரிவில், 1980 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டனிலே உலகப் பட்டம் வென்றவர். குத்துச் சண்டையை அறிந்தோர் இப்பிரிவைத் தனியாகப் போற்றுவர். மிகச் சிறிய உடலினர்க்கு விரைவு உண்டு, வலி குறைவு. மிகப் பெரிய உடலினர்க்கு வலி உண்டு, விரைவு குறைவு. இரண்டும் ஒத்து நிற்கும் இடம் நடுநிறை. ஆறரை ஆண்டுகள் ஹாக்லர் அப்பட்டத்தை விடாது காத்தார். பன்னிரு முறை பட்டத்திற்காகப் பொருது பன்னிரு முறையும் வென்றார். தம் பெயருக்கு முன்னர் ‘வியத்தகு’ என்னும் பொருள்படும் அடைமொழியை 1982 இல் சட்டப்படியே சேர்த்துக்கொண்டவர் அவர். அடைமொழியைப் பிறர் தருவதற்குக் காத்திராத துணிவு நம் கவியரங்குகளிலும் காணப்படுவதே.

1987 ஆம் ஆண்டு ஏப்பிரல் 6 ஆம் திகதி லாஸ் வேகாஸ் நகரில் அவரை எதிர்த்தவர் சுகர் ரே லெனார்ட். கண்ணின் விழித்திரை பழுதுற்று ஓய்வு பெற்றிருந்தவர். முந்திய ஐந்தாண்டுகளில் ஒரேயொரு போட்டியிலே தான் கையுறை அணிந்தவர். அவர் தோற்பார், ஒருவேளை கண்ணையும் இழப்பார் என்று பலர் அஞ்சினர். லெனார்டோ போட்டிக்கு முன்னரே பாதிப் போட்டியைப் பொருது முடித்திருந்தார். பதினைந்து சுற்று வேண்டாம், பன்னிரண்டு போதும். கையுறை பத்து அவுன்சாக இருத்தல் வேண்டும். மேடை இருபது அடிச் சதுரமாக அகன்றிருத்தல் வேண்டும் என நிபந்தனை கூறினார். ஓடி ஆடுகின்றவனுக்கு வேண்டியவை இவை. பெருந்தொகை ஒன்றை எண்ணி ஹாக்லர் தரப்பினர் யாவற்றுக்கும் உடன்பட்டனர்.

ஹாக்லர் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்காலை முன்வைத்து நின்றே பல்லாண்டு பொருதவர். அன்று முதலிரு சுற்றுகளில் வலக்கையர் போல நின்று பொருதார். அச்சுற்றுகள் வீணாயின. பிற்பகுதியில் அவர் முன்னேறித் தாக்கினார். லெனார்ட் விலகி விலகி ஓடினார். ஆனால் ஒவ்வொரு சுற்றும் முடியப்போகும் வேளையில், ஏறக்குறைய அரை நிமிடம் எஞ்சியிருக்கும்போது, நின்று மளமளவென்று குத்துகளைப் பொழிவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். மணி அடிக்கும். நடுவர் காதில் அவ்வார்ப்பரிப்பு நிறைந்திருக்கையிலேயே அச்சுற்றுக்கான புள்ளியை எழுதுவர்.

மூவர் நடுவர். ஒருவர் 115க்கு 113 என்று ஹாக்லருக்கு அளித்தார். டேவ் மொறெற்றி என்பவர் அதே கணக்கை லெனார்டுக்கு அளித்தார். மூன்றாமவர் 118க்கு 110 என்று லெனார்டுக்கு அளித்தார். ஒரே சண்டையை ஒரே இரவில் கண்ட மூவர் இத்துணை வேறுபட்டனர். பட்டம் லெனார்டுக்குச் சென்றது. அவர் அப்பட்டத்தைக் காத்து ஒருமுறையேனும் பொராமல் சில வாரங்களில் துறந்துவிட்டார். மறுபோட்டிக்குக் காத்திருந்த ஹாக்லர் 1988 இல் ஓய்வை அறிவித்து இத்தாலி நாடு சென்று திரைப்படங்களில் நடித்தார். 2021 மார்ச்சு மாதம் காலமாகும் வரையில், அன்று வென்றவன் நானே. லெனார்டின் குத்துகள் நடுவர் கண்ணுக்காக எறியப்பட்டவை. அவை என்னை வருத்தவில்லை என்பதையே அவர் கூறி வந்தார்.

இதனைக் கைப்பேசியிற் கண்ட மாணவருள் ஒருவன், “இது தோற்றவனுடைய பொறாமை” என்றான். மற்றொருவன், “வீரன் பொய் சொல்லமாட்டான்” என்றான். இருவரும் ஹாக்லர் கூறியதைப் பற்றிப் பேசவில்லை. ஹாக்லரைப் பற்றியே பேசினர். எனக்கு வருத்தந் தந்தது அதுதான்.

பிலிமத்தலாவைக்கு இவ்வகைப் பேச்சு அந்நியமானதன்று. இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள எம்பெக்கைத் தேவாலயத்தில், கதிர்காமக் கடவுளுக்கென அமைந்த அக்கோயிலின் மேள மண்டபத்து மரத்தூண்களிலே, மல்லர் இருவர் கட்டிப் பிடித்துப் பொருதுகின்ற சிற்பம் ஒன்று உண்டு. அன்னம், இருதலைப் பறவை, ஆடல் மகள், பாலூட்டுந் தாய் ஆகியோர்க்கு இணையாக மல்லர்க்கும் அச்சிற்பி இடமளித்திருக்கின்றான். பாடசாலைக் குத்துச் சண்டைக்கும் இந்நாட்டில் நெடிய வரலாறு உண்டு. ஸ்டப்ஸ் கேடயத்திற்காகப் பாடசாலைகள் பொரத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. 1938 இல் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் பார்னி ஹென்றிக்கஸ் இலங்கைக்குத் தங்கம் கொணர்ந்ததும் குத்துச் சண்டையிலேயாம்.

எம் ஊர்க் கடைத்தெருவை அடுத்து வாழ்கின்ற முதியவர் ஒருவர் இளமையிலே பாடசாலைக்காகவும் பின்னர்ச் சில காலம் கழகமொன்றிற்காகவும் கையுறை அணிந்தவர். எண்பதை அணுகுகின்றார். இடக் காது கேளாது. அதற்குக் காரணம் மேடை தான் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். நான் அவரை ‘நானா’ என்று அழைப்பேன். அவர் என்னைப் ‘பண்டிதர் ஐயா’ என்பார். மாணவர் காட்டிய அச்சண்டையை ஒருநாள் மாலை அவரிடமும் காட்டினேன். பார்க்கத் தொடங்கிய உடனேயே கைப்பேசியை வாங்கி ஒலியை அடக்கினார்.

“ஐயா, சத்தத்தை நிப்பாட்டிட்டுப் பாருங்க. காதால பாக்கிறவங்களுக்குத்தான் அந்த அடி பெரிசா இருக்கும். நீங்க காலைப் பாருங்க.”

காலைப் பார்த்தேன். சுற்றின் முடிவில் லெனார்டு பொழிந்த குத்துகளின்போது அவருடைய குதிகால் பலமுறை நிலத்தில் ஊன்றவில்லை. நிலத்தை ஊன்றாத கால் தோளுக்கு வலி தராது. தோளிலிருந்து வராத குத்து தட்டலே அன்றிக் குத்தன்று என்பது அம்முதியவரின் இலக்கணம். அப்படியாயின் ஹாக்லர் கூறியது உண்மைதானே என்றேன். அவர் தலையசைத்தார். “அது உண்மைதான். ஆனா அவரு தோத்தது அந்த அடியால இல்ல. மொதல் சுற்றுல கால் மாத்தி நின்டாரே, அங்கதான் தோத்தாரு. அதை அவரு சொல்ல மாட்டாரு.”

ஹாக்லரின் திறனாய்வில் உள்ள மெய்யும் அதன் எல்லையும் இச்சிறு விடையில் அடங்கிவிட்டன. லெனார்டின் குத்தில் வலியில்லை என்பது கண்ணாற் கண்டறியத்தக்க குறை. அது கூறியவர் தோற்றவர் என்பதனால் பொய்யாகாது. நான் வென்றேன் என்பது வழக்கு, திறனாய்வு அன்று. தம் கால்வைப்பை மறந்துவிட்டு மாற்றான் கால்வைப்பை மாத்திரம் பேசிய அளவில் அவர் பேச்சுக் குறைவுடையது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து பொறாமை என்றோ வீரம் என்றோ பெயரிடுவது சோம்பல்.

நடுவர் வேறுபடுதலும் புதுமையன்று. ஆமூர் மல்லனை வென்ற போர்வைக் கோப்பெருநற்கிள்ளியைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 85 ஆம் பாட்டாக உள்ளது. அவன் அவ்வூரினன் அல்லன், அந்நாட்டினன் அல்லன். ஆதலின் வெற்றி அவனதே என்று ஒரு சாரார் கூறுகின்றனர், அன்று என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். வெற்றி என்னும் பொருளில் ‘ஆடு’ என்னும் சொல் அங்கே ஆளப்பட்டிருத்தல் மாணவர் நோக்கத்தக்கது. அப்பெண்பாற் புலவர் ஊரார் இரு மொழியையும் கேட்டுவிட்டு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கொள்ளவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தம் இல்லத்துப் பனையருகே நின்று, தம் கண்ணாலே கண்டு முடிவு கூறுகின்றார். அவர் அவன்மேற் காதல் கொண்டவர்; சார்புடைய நடுவர் என்று யாரும் சொல்லலாம். ஆயினும் ஓடிச் சென்று கண்டார்.

லாஸ் வேகாஸில் இதன் எதிரொலி முப்பதாண்டு கழித்தும் கேட்டது. 2017 செப்டெம்பர் 16 ஆம் திகதி அதே நடுநிறைப் பட்டத்திற்காக கசகஸ்தானத்துக் கொலோவ்கினும் மெக்சிக்கோவின் அல்வாறெசும் பொருதனர். ஒரு நடுவர் 118க்கு 110 என அல்வாறெசுக்கு எழுதினார். மற்றொருவர் 115க்கு 113 எனக் கொலோவ்கினுக்கு எழுதினார். மூன்றாமவர் சமன் என்றார். முடிவு சமனாயிற்று. 115க்கு 113 என எழுதியவர் 1987 இல் இருந்த அதே மொறெற்றி என்பது ஒரு விந்தை.

இனி, பொறாமையே உள்ளவர் கூறிய குறை மெய்யாயிருந்த வரலாறு ஒன்றுண்டு. இது பெருநிறைப் பிரிவைச் சார்ந்தது. ஆயினும் என் கருத்திற்கு இதனினும் பொருத்தமான சான்று இல்லை.

ஜாக் ஜோன்சன் 1908 திசெம்பர் 26 இல் சிட்னி நகரில் உலகப் பெருநிறைப் பட்டம் வென்ற முதற் கருநிறத்தவர். 1915 இல் ஹவானா நகரில் அதனை இழந்தார். அவர் வாழ்ந்த முறையும் வெள்ளையரை எள்ளிய முறையும் வெள்ளை அமெரிக்காவின் சினத்தைக் கிளறின. அதன் பயனாக இருபத்திரண்டு ஆண்டுகள் வேறொரு கருநிற வீரர் அப்பட்டத்தை அணுக இயலவில்லை. 1930களின் நடுவில் ஜோ லூயிஸ் என்னும் இளைஞர் தோன்றியபோது, அவரை வளர்த்தவர்கள் ஜோன்சனைப் போல நடவாதே என்றே அவருக்குப் பாடங் கற்பித்தனர். லூயிசைப் பயிற்றிய ஜாக் பிளாக்பேண் ஜோன்சனுக்குப் பழம் பகைவர். லூயிசைப் பயிற்ற விரும்பிய ஜோன்சனை அவர்கள் அணுகவிடவில்லை. ஆகவே ஜோன்சன் உள்ளத்தில் கசப்பு இருந்தது என்பது மறைக்கத்தக்கதன்று.

அந்தக் கசப்பு நிறைந்த கண்தான் லூயிசின் குறையைக் கண்டது. இடக்கையால் நேர்க்குத்து விட்டபின், கையை மீட்டும் முகத்திற்குக் காவலாகக் கொண்டுவராமல், லூயிஸ் அதனைத் தாழ விடுகின்றார். அவ்வழியே வலக்கைக் குத்து ஒன்று புகுமாயின் அவர் வீழ்வார் என்று ஜோன்சன் வெளிப்படையாகக் கூறினார். அந்நாளில் லூயிஸ் தோல்வியறியாதவர். கருநிற மக்கள் அனைவரும் அவரைத் தம் மீட்பராக எண்ணியிருந்தனர். ஜோன்சனைத் துரோகி என்றனர். ஜேர்மானியராகிய மாக்ஸ் ஷ்மெலிங் லூயிசின் சண்டைப் படங்களைக் கூர்ந்து நோக்கித் தாமும் அதே வழுவைக் கண்டார். 1936 ஜூன் 19 ஆம் திகதி நியூயோர்க்கில் அத்திறந்த வழியே வலக்கையை மீண்டும் மீண்டும் செலுத்தி, பன்னிரண்டாஞ் சுற்றில் லூயிசை வீழ்த்தினார். ஷ்மெலிங் பக்கம் பணயம் வைத்திருந்த ஜோன்சன், வென்ற பணத்தைக் காட்டிக் களித்ததனால் ஹார்லெம் மக்களின் சினத்துக்கு ஆளானார். அச்செயல் சிறுமையே. ஆனால் தாழ்ந்த கை தாழ்ந்த கைதான். அதனைக் கண்டவரின் சிறுமை அக்கையை உயர்த்திவிடாது.

லூயிஸ் செய்தது என்ன? பொறாமை என்று கூறிக்கொண்டிருக்கவில்லை. தாழ்ந்த கையைத் திருத்தினார். 1937 இல் பட்டம் வென்றார். 1938 ஜூன் 22 இல் ஷ்மெலிங்கை மீண்டும் சந்தித்து முதற் சுற்றிலேயே, இரண்டு நிமிடமும் சில வினாடிகளும் ஆகையில், முடித்துவிட்டார். ஜோன்சன் கூறிய குறையால் பெரும்பயன் அடைந்தவர் லூயிசே அன்றி ஜோன்சன் அல்லர்.

நம் இலக்கணிகள் இதனை அறியாதவர் அல்லர். ஒரு நூல் கொள்ளத்தக்க நெறிகள் ஏழனுள், பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக்காட்டுதலையும் ஒன்றாக நன்னூலார் வைத்துள்ளார். மறுத்தலும் ஒன்று; உடன்படுதலும் ஒன்று. குற்றங் காட்டுதல் பகைமையின் வேலையாயின் இலக்கண நூலில் அதற்கு இடம் தந்திருக்கமாட்டார். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுக்கையில், தமக்கு முன்னவராகிய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கின்றார். எந்தச் சூத்திரம், எந்தச் சொல், எந்த எடுத்துக்காட்டு எவ்வாறு பொருந்தாது என்று விரல் வைத்துக் காட்டியே மறுக்கின்றார். அவர் உள்ளத்தில் இளம்பூரணர்பால் என்ன உணர்ச்சி இருந்ததென்று யாரும் வினவுவதில்லை, வினவ வேண்டுவதுமில்லை.

இடஞ் சுட்டல் குறை கூறுதற்கு மாத்திரம் உரியதன்று. முற்கூறிய நற்கிள்ளியின் மற்போரையே சாத்தந்தையார் பாடுகையில், வீரன், தீரன் என்று வாளா புகழவில்லை. ஒரு கால் மல்லன் மார்பிலே ஊன்றியிருந்தது, மற்றொரு கால் அவன் செய்த சூழ்ச்சியைத் தடுத்து முதுகிலே கிடந்தது எனக் கால் இருந்த இடத்தைக் காட்டுகின்றார். எம் ஊர் நானா காலைப் பார் என்று கூறியதும் இதுவே. அப்பாட்டில் மற்றொரு நயமும் உண்டு. மகனோடு மாறுபட்டிருந்த தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், அந்நிலையை வந்து காண்பானாக என்று புலவர் விரும்புகின்றார். மகிழும்படி அவர் கேட்கவில்லை, காணும்படியே கேட்கின்றார். முதியவரிடம் இளையவர் கேட்கத்தக்கது இவ்வளவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

தம்மை வென்றவரை வாயாரப் புகழ்ந்த பழைய மல்லரும் உளர். நடுநிறைப் பட்டத்தை 1949 இல் வென்ற ஜேக் லமோட்டா, சுகர் ரே றொபின்சனோடு ஆறு முறை பொருது ஒருமுறையே வென்றவர். 1951 பெப்ருவரி 14 இல் பட்டத்தையும் அவரிடமே இழந்தார். ‘சுகர்’ என்னும் அப்பெயரை வைத்து, அவரோடு இத்தனை முறை பொருதும் எனக்குச் சர்க்கரை நோய் வராதது வியப்பு என்று பின்னாளில் நகையாடி வந்தார். கேட்க இனியதே. ஆனால் றொபின்சனின் கால்வைப்பைப் பற்றி இந்நகைச்சுவையிலிருந்து யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ள இயலாது.

நம் நூல் வெளியீட்டு விழாக்களில் இந்நாளில் வழங்குவது லமோட்டாவின் முறையே. பொன்னாடை, மாலை, வாழ்த்துரை, நயவுரை; நயவுரையில் நயம் உண்டு, உரை இராது. சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவனுடைய கவிதை நூல் வெளியாயிற்று. திறனுடையவன், மரபிலும் புதுக்கவிதையிலும் கை பழகியவன். என்னையும் மேடைக்கு அழைத்திருந்தனர். நூலிற் பெரும்பகுதியை மனமாரப் பாராட்டினேன். ஒரு பாட்டிலே தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண் கூடையை இடுப்பில் ஏந்தி மலையேறுவதாக எழுதியிருந்தான். மேலே அடுப்பு, கீழே துடுப்பு. எதுகைக்காகக் கூடை இடுப்புக்கு வந்துவிட்டது. கொழுந்துக் கூடை தலையில் மாட்டிய கயிற்றிலே முதுகில் தொங்குவது என்பதை மலைநாட்டில் அறியாதவர் யார்? அவன் தாயாரே முப்பதாண்டு அவ்வாறு சுமந்தவர். அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பக்க எண்ணைக் கூறி, இவ்வொரு சொல்லைத் திருத்துக, எதுகை போனாலும் போகட்டும் என்றேன்.

மண்டபத்தில் அமைதி. பின்னர்ப் பேசியவர், முதியோர்க்கு இளையோர் வளர்ச்சி பொறுப்பதில்லை என்று பொதுவாகக் கூறினார், கைதட்டல் எழுந்தது. பண்டிதருக்குப் புதுக்கவிதை எழுத வராது, அதுதான் காரணம் என்று தேநீர் வேளையில் ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. புதுக்கவிதை எழுத எனக்கு வராது என்பது உண்மை. கூடை முதுகில் தொங்குகின்றது என்பதும் உண்மை.

அவன் அதன்பின் என் வீட்டுக்கு வரவில்லை. அவன் தாயாரை ஒருநாள் பிலிமத்தலாவைப் பேருந்துத் தரிப்பிடத்தில் கண்டேன். நலம் வினவிவிட்டு, “ஐயா, அந்தக் கூடை விசயம்...” என்று தொடங்கினார், அதற்குள் பேருந்து வந்துவிட்டது. நூல் இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்தில் இருப்பதாகக் கேள்வி. வெளிவந்ததும் 41 ஆம் பக்கத்தை முதலில் பார்ப்பேன்.